இடது ஓரத்தில் மூன்றாவது ஆள்

திரையரங்கின் வாசலிலேயே சின்னராசுவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லாரும் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கைக்குழந்தை.

“யூசுப்பு, இது கார் ரேஸ் படந்தானே?”

“பேரு போட்டிருக்குல்ல மாப்ள. சும்மா வா.”

உள்ளே போனதும் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. விளக்குகள் பாதி எரிந்துகொண்டிருந்தன. சுவரோரம் குழந்தைகளுக்குத் துணி மாற்ற ஒரு மேசை போட்டிருந்தார்கள். இருபது, முப்பது குழந்தைகள் இருக்கும். ஏழெட்டு அப்போதே அழத் தொடங்கியிருந்தன. டிக்கெட் பார்த்த சீனப் பெண் மூன்று ஆண்களையும் ஏற இறங்கப் பார்த்தாள். மூவர் கையிலும் குழந்தை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, “பேபி ஷோ. லைட் ஆன். சவுண்ட் லோ. ஓகே?” என்றாள்.

“ஓகே, ஓகே” என்றான் முகமது யூசுப்.

“என்னடா ஓகே?” செல்லக்கண்ணு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “என்ன காட்சிக்குடா டிக்கெட் எடுத்த?”

“காலைல இருக்கறது இது ஒண்ணுதாண்ணே. நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு குழந்தைப் படம் போட்டிருந்துச்சு. நம்மூருல ‘யு’ன்னு போடுவான்ல, பிள்ளைங்களும் பாக்கலாம்னு, அது மாதிரின்னு நெனச்சேன்.”

“அதான் பிள்ளைங்க பாக்குதே. பால் புட்டியோட.”

சின்னராசு இருக்கை எண்ணைத் தேடத் தொடங்கினான். பேசினால் கோபம் வரும் என்று தெரியும். வேறு காட்சிக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அடுத்த காட்சி முடிய மாலையாகிவிடும். அதற்குள் புதுக்கோட்டையில் அவன் மகள் சுஷ்மிதா இதே படத்தைத் தமிழில் பார்த்து முடித்திருப்பாள்.

அவள் பார்ப்பதற்குள் அவன் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் ரயிலேறி, நகர நடுவிலிருக்கும் டோபி காட் வரைக்கும் வந்திருந்தான்.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் நகரத்தின் நடுவே தெருக்களை மறித்துக் கார் பந்தயம் நடக்கும். அதற்காகத் தெரு நெடுகத் தடுப்புக் கற்களை இறக்கி, மேலே கம்பி வலை கட்டுகிறவர்களில் சின்னராசுவும் ஒருவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பந்தயம் முடிந்த மறுநாள், கற்களைக் கழற்றுவதற்கு முன்னால், ஒரு படக்குழு வந்தது. மோதி நகர்ந்த கல்லை நிமிர்த்தி வைப்பது போல ஒரு காட்சி வேண்டுமாம். நடிகர்களை வைத்து முயன்று பார்த்தார்கள், கிரேன் கொக்கியை மாட்டத் தெரியாமல் கல் அசையவில்லை. கடைசியில், “நீங்களே வாருங்கள்” என்று ஆறு தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். சின்னராசு அதில் ஒருவன். ஆறு முறை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மாலையில் ஆளுக்கு ஒரு பெட்டி சாப்பாடு கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அதைப் போனில் மனைவி சரசுவிடம் சொன்னான். சரசு மகளிடம் சொன்னாள். மகள் வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டாள். அன்று முதல் அவளுக்கு நிம்மதியில்லை. “உங்கப்பா காரு ஓட்டுறாரா, இல்ல காரைத் தொடைக்கிறாரா?” என்று கேட்டுச் சிரித்தார்களாம். படம் வெளிவந்ததும் ஐந்து தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போய் அப்பாவைத் திரையில் காட்டுவதாகப் பந்தயம் கட்டிவிட்டாள்.

“எந்த எடத்துல வர்றே, எந்தப் பக்கம் நிக்குறேன்னு கரெக்டா சொல்லிடுப்பா. நான் கை காட்டணும். லேட்டா காட்டுனா சிரிப்பாளுக” என்று மூன்று நாளாய் அதையே சொன்னாள்.

படத்தில் தன்னை வைத்திருக்கிறார்களா, வெட்டிவிட்டார்களா என்பது சின்னராசுவுக்கே தெரியாது.

அவர்களுடைய வரிசையில் ஓர இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மடியில் நான்கு மாதக் குழந்தை. காலடியில் ஒரு பெரிய பை. அதில் புட்டிகள், துணிகள், ஒரு யானைப் பொம்மை. அவளைக் கடந்து போகையில் சின்னராசுவின் கால் அந்தப் பையில் இடித்தது. குனிந்து பையைத் தொட்டான், விரல்களை இரண்டு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டான், நகர்ந்து போய் அடுத்த இருக்கையில் அமர்ந்தான்.

படம் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணிகளில் கார் ஓட்டுகிற கதை. முதல் பந்தயத்தில் இருபது கார்கள் ஒன்றாகக் கிளம்பின. அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும் என்று யூசுப் ரயிலிலேயே சொல்லிக்கொண்டு வந்தான். இங்கே அது பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுவது போலக் கேட்டது. அதற்கு மேல் குழந்தைகளின் சத்தம்.

“கார் ஓடுதா, நிக்குதா?” என்றார் செல்லக்கண்ணு.

“ஓடுதுண்ணே. பாருங்க, முந்துறான்.”

“எவன் முந்துறான்? செவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?”

“ரெண்டு பேருமே ஹெல்மெட்டு போட்டிருக்கான். நான் என்னத்தக் கண்டேன்.”

ஓர இருக்கைப் பெண் திரும்பினாள். “அண்ணே, ப்ளீஸ் லா. இப்பதான் தூங்குனான்.”

“சாரி மேடம்” என்றார் செல்லக்கண்ணு, முன்பு பேசியதை விடச் சத்தமாக. குழந்தை விழித்துக்கொண்டது.

அந்தப் பெண் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டு, நடைபாதையில் மேலும் கீழும் நடந்தாள். நடக்கும்போது தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவளைப் போலவே இன்னும் நாலைந்து பேர் நடந்தார்கள். யாராவது ஒருவர் தலை திரையின் குறுக்கே போய்க்கொண்டேயிருந்தது. எங்கேயோ ஒரு தடுப்புச் சுவர் தெரிந்தது. சின்னராசு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு தாய் எழுந்து நின்று மறைத்தாள். அவள் உட்காருவதற்குள் சுவர் போய்விட்டது.

“அது நம்ம ஊரு இல்ல ராசு” என்றார் செல்லக்கண்ணு. “பின்னாடி மலை தெரியுது. நம்ம சிங்கப்பூர்ல எங்க மலை?”

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்தாள். பையைத் தாண்ட முடியாமல் சின்னராசு காலை மடக்கி வைத்துக்கொண்டிருந்தான், முழங்கால் மரத்துப்போயிற்று. பின்வரிசையில் ஒரு குழந்தை யூசுப்பின் முடியைப் பிடித்து இழுத்தது. திரையில் அண்ணனும் தம்பியும் ஏதோ சண்டை போட்டார்கள். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. வாரம் முழுவதும் வெயிலில் நின்றவனுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை நாள். சின்னராசுவுக்கு அழுகை வரும் போலிருந்தது. இத்தனை குழந்தைகள் அழுகிற இடத்தில் நாமும் அழுதால் யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்துக்கொண்டான்.

யூசுப் மெதுவாகப் போனை எடுத்தான். “நீ வர்றப்ப ஒரு போட்டோ எடுத்திருவோம். பாப்பாவுக்கு அனுப்பிரலாம்.”

“உள்ள வை. எடுக்கக் கூடாதுன்னு மொதல்லயே போட்டான்ல.”

“இங்க குழந்தைக்கு ஜட்டியே மாத்துறாங்க. போட்டோ எடுத்தாத்தான் கேப்பாங்களா?”

“கூடாதுன்னா கூடாது. வை.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண், “என்ன போட்டோ?” என்றாள். அவளுக்குச் சலிப்பை மறைக்கத் தெரியவில்லை.

செல்லக்கண்ணு இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார். “எங்க ஆளு இந்தப் படத்துல நடிச்சிருக்கான் மேடம்.”

“நெஜமாவா?”

“நடிக்கல்லாம் இல்லைங்க” என்று சின்னராசு கூச்சத்தோடு சொன்னான். “கல்லு தூக்குனேன்.” பிறகு மகளைப் பற்றியும், ஊரில் அவள் போகும் பதினொன்றரைக் காட்சியைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னான். அவள் அவனை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தாள். பேர் திவ்யதர்ஷினி என்றாள். குழந்தை அகிலன்.

“நானும் வருஷா வருஷம் அந்த ரேஸுக்குப் போவேன். எட்டு வருஷம். இவன் பொறந்ததால போன வருஷம் போக முடியல. நாலு மாசத்துல இன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம் வெளிய வந்திருக்கேன். ஃப்ரெண்ட் வரேன்னு சொன்னா, லாஸ்ட் மினிட்ல கேன்சல் பண்ணிட்டா. இவன் என்னை ஒரு ரேஸ்கூட முழுசா பாக்க விடல.” சொல்லி முடிப்பதற்குள் அகிலன் மீண்டும் தொடங்கினான்.

இந்த முறை நிற்கவில்லை. நடந்தாள், புட்டி கொடுத்தாள், யானையை ஆட்டிக் காட்டினாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவள் வந்து பைக்குள் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திணித்தாள். ஒரு மூடி உருண்டு எங்கேயோ போயிற்று. அதைத் தேடாமல் பையின் ஜிப்பை இழுத்தாள். அது நடுவில் சிக்கிக்கொண்டது. “போதும். வீட்டுக்கே போறோம்” என்று குழந்தையிடமா தன்னிடமா என்று தெரியாமல் சொன்னாள்.

அவள் போனால் கால் நீட்டலாம். சத்தம் குறையும். நிம்மதியாகப் பார்க்கலாம். சின்னராசுவின் மனத்தில் முதலில் வந்தது அதுதான். இதை மறைப்பதில் பயனில்லை. யாருக்கும் முதலில் தன் கால்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது, போகிற போக்கில் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“குடுங்க தங்கச்சி. நான் கொஞ்ச நேரம் வெச்சிருக்கேன்.”

“பரவால்லண்ணே. உங்க சீன் வரும்ல?”

“வந்தா இவங்க கூப்பிடுவாங்க. நீங்க உக்காருங்க.”

அவள் தயங்கினாள். அகிலன் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். அந்தக் கத்தல்தான் முடிவு செய்தது. அவன் கைகளில் குழந்தையைக் கொடுத்தாள்.

சிமெண்ட் காய்த்த உள்ளங்கைகள் குழந்தைக்குக் குத்தும் என்று நினைத்து, சின்னராசு முழங்கைமேல் அவனைச் சாய்த்துக்கொண்டான். சுவரோரம் நடந்தான். வெளியே போகும் கதவுக்கு மேல் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு நேராக வந்ததும் அகிலன் சட்டென்று அழுகையை நிறுத்தினான். வாயைத் திறந்து பச்சை விளக்கையே பார்த்தான். சின்னராசு திரையின் பக்கம் திரும்பினால் கத்தினான். பச்சை விளக்குக்குத் திரும்பினால் அமைதியானான். மூன்று முறை சோதித்துப் பார்த்தாயிற்று. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

“சாமி, உனக்கு வேற விளக்கே கெடைக்கலையா?” என்றான் குழந்தையிடம்.

பத்து நிமிடம் போயிற்று. குழந்தையின் இமைகள் கனத்தன. அப்போதுதான் செல்லக்கண்ணுவின் குரல் வந்தது.

“ராசு! நம்ம ஊரு! நம்ம ஊருடா!”

சின்னராசு திரும்பினான். ஒரு நொடி, தெரிந்த கட்டடங்களும் மழையும் கண்ணில் பட்டன. அகிலன் வீறிட்டான். அவனைக் கேட்டு முன்வரிசையில் இன்னொன்று அழுதது. அதைக் கேட்டுப் பின்வரிசையில் இரண்டு. சின்னராசு உடனே பச்சை விளக்குப் பக்கம் திரும்பினான். பின்னால் ஏதோ மோதுகிற சத்தம். பிறகு செல்லக்கண்ணுவின் விசில், யூசுப்பின் கைதட்டல்.

“ஐயோ, ஆள் அடிபட்டுக் கெடக்கான், கை தட்டுறீங்க!” திவ்யதர்ஷினியின் குரல்.

“செவுரு அசஞ்சுச்சா பாருங்க மேடம்! ஒரு கல்லுதான் நகந்திருக்கு! செவுரு நின்னாத்தான் மேடம் ஆளு பொழைப்பான்!”

இரண்டடி எடுத்து வைத்துக் குழந்தையை அவளிடம் நீட்டியிருக்கலாம். அவள் வாங்கியிருப்பாள். ஆனால் அகிலன் கன்னத்தை அவன் தோளில் வைத்துவிட்டான். சூடான சின்ன மூச்சு கழுத்தில் பட்டது. சின்னராசு அசையவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் தான் வருவதும் போவதும் அவனுக்குத் தெரிந்தது. “ரெண்டாவது ஆளு!” என்றான் யூசுப். “இல்லடா, நாலாவது!” என்றார் செல்லக்கண்ணு. “ரெண்டாவது ஆளு குள்ளமா இருக்கான்.” அதற்குள் காட்சி மாறியிருக்க வேண்டும், இருவரும் “ச்சே” என்றார்கள்.

படம் முடியும்வரை அகிலன் தூங்கினான். அவன் அம்மா இரண்டு பந்தயங்களை முழுசாகப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சண்டை தொடங்கியது.

“ஆறு பேருக்கும் ஒரே சட்டை, ஒரே தொப்பி, மூஞ்சில மாஸ்க்கு. நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றார் செல்லக்கண்ணு.

“அதுக்குத்தானே உங்களக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேரு நாலு கண்ணு வெச்சிருக்கீங்க. ஒரு ஆளப் பாக்க முடியல?”

“நீ ஏன்டா அந்த நேரம் பாத்து ஆயா வேலைக்குப் போன?”

சின்னராசு மணியைப் பார்த்தான். ஒன்று இருபது. ஊரில் பத்து ஐம்பது. சரசுவும் பிள்ளைகளும் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். இன்னும் சிறிது நேரத்தில் போன் வரும். ரெண்டாவதோ நாலாவதோ என்று சொன்னால் அவள் எதைக் காட்டுவாள்?

திவ்யதர்ஷினி தள்ளுவண்டியோடு அருகில் வந்தாள். “அண்ணே, நீங்க மூணாவது ஆளு. இடது ஓரத்துலேருந்து.”

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

“அண்ணன்காரன் ஓடிவந்து ஹெல்மெட்டைக் கழட்டி வீசுவான். அது ரோட்டுல உருண்டு போய் நிக்கும். நின்ன உடனே கேமரா இடது பக்கம் போகும். நீங்க கல்லு மேல ஒரு கால வெச்சுக் கொக்கியை மாட்டுறீங்க. மாட்டிட்டு இறங்குறீங்க. அப்பறம் குனிஞ்சு கல்லைத் தொட்டு, கண்ணுல இப்படி ஒத்திக்கிறீங்க.” அவள் இரண்டு விரல்களைக் கண்ணில் வைத்துக் காட்டினாள்.

“அது நான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உள்ள வரும்போது என் பேக்ல கால் பட்டதும் என்ன பண்ணீங்க?”

சின்னராசுவுக்கு நினைவில்லை. பையில் கால் பட்டதே நினைவில்லை. கல்லைத் தொட்டதும் நினைவில்லை. ஆறு முறை எடுத்தார்கள். ஆறு முறையும் செய்திருப்பான். அந்தக் கல்லில்தான் என்றைக்காவது ஓர் உயிர் வந்து முட்டி நிற்கப் போகிறது. அதன்மேல் காலை வைத்துவிட்டுத் தொட்டுக் கும்பிடாமல் எப்படி இறங்குவது?

“அதே விரல். அதே மாதிரி ரெண்டு தடவ” என்றாள் அவள். “மத்த அஞ்சு பேரும் செய்யல.”

அப்போதே போன் அடித்தது. பஸ் இரைச்சல், ஹாரன், பெண் பிள்ளைகளின் சிரிப்பு.

“அப்பா! சொல்லுப்பா! எல்லாரும் கேக்குறாளுக, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்!”

சின்னராசு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஹெல்மெட் உருண்டு நிற்பதிலிருந்து கண்ணில் ஒற்றுவது வரை சத்தமாகச் சொன்னான். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இடதா, வலதாப்பா?” “இடது, இடது. சோத்துக்கை இல்ல, பீச்சாங்கைப் பக்கம்!” மறுமுனையில் ஒரே சிரிப்பு. போன் துண்டித்தது. நன்றி சொல்லத் திரும்பினான். திவ்யதர்ஷினி லிஃப்டுக்குள் போய்விட்டிருந்தாள்; கதவு மூடுவதற்குள் கையை மட்டும் ஆட்டினாள்.

பிற்பகல் மூவரும் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டார்கள். விசில் அடித்ததற்காகச் செல்லக்கண்ணுவை யூசுப்பும், டிக்கெட் எடுத்ததற்காக யூசுப்பைச் செல்லக்கண்ணுவும் திட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னராசு போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலரை தாண்டியது. ஐந்துக்குக் குரல் செய்தி வந்தது. முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

“அப்பா, போப்பா! எனக்கு ஒரே கோவம்! ஹெல்மெட்டு உருண்டு நின்னுச்சா, நான் எந்திரிச்சு நின்னு கையத் தூக்குனேன். அதுக்குள்ள தியேட்டர்ல அத்தனை பேரும் விசிலு! ‘ஏய், நம்ம ஊரு ஆளுடா, தொட்டுக் கும்புடுறாண்டா’ன்னு பின்னாடி கத்துறாங்க. ஹீரோவுக்குக்கூட அப்படிக் கத்தல. நான் கை காட்டுனத ஒருத்தரும் பாக்கல. என் பக்கத்துல இருந்த லீலா மட்டும் பாத்தா. அவதான் எந்திரிச்சு, ‘இவ அப்பாதான், இவ பஸ்லயே சொல்லிட்டா’ன்னு எல்லார்ட்டயும் சொன்னா. கார் தொடைக்கிறாரான்னு கேட்டதும் அவதாம்ப்பா. சரி, அம்மா பேசணுமாம். அம்மா அழுதுட்டிருக்கு, அப்பறம் பேசும்.”

மூவரும் அதை நான்கு முறை கேட்டார்கள். ஐந்தாவது முறை பக்கத்து மேசைக்காரர்களும் கேட்டார்கள்.

“ஊரே பாத்துருச்சு. நீ மட்டும் பாக்கல” என்றார் செல்லக்கண்ணு. “அடுத்த ஞாயித்துக்கெழமை போவோமா?”

யூசுப் உடனே போனை எடுத்தான்.

“நீ தொடாதே” என்றார் செல்லக்கண்ணு. “குடு, நான் பாக்குறேன். அந்தக் குழந்தைப் படம் போட்டது இல்லாம வேற காட்சி இருக்கான்னு.”

“குழந்தைப் படம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ணே” என்றான் சின்னராசு. தோளில் பால் வாடை இன்னும் போகவில்லை.